12 லட்சம் பேருக்கு ஒரு வெண்கலம்: பதக்கப் பட்டியலை வகுத்துப் பார்த்தால்

கியூர்பிப் வாசகர் ஒருவர் கேட்டது, 12 ஆகஸ்ட் 2024

பாரிஸ் ஒலிம்பிக் நேற்றோடு முடிந்தது. 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கு 6 பதக்கம், அதில் தங்கம் இல்லை. ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் உள்ள கிரெனடாவுக்கு 2 பதக்கம். மக்கள்தொகையால் வகுத்துப் பட்டியல் போடுவதுதானே நியாயம்? அப்படிப் போட்டால் 2008இல் நம் மொரிஷியஸ் சீனாவையே தோற்கடித்திருக்கிறது. இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

12 ஆகஸ்ட், இரவு

கணக்கு சரிதான் தம்பி. 2008 பெய்ஜிங்கில் சீனா எடுத்தது 100 பதக்கம். 130 கோடிக்கு மேல் மக்கள், ஆகவே 1.3 கோடிப் பேருக்கு ஒன்று. அமெரிக்காவுக்கு 27 லட்சம் பேருக்கு ஒன்று. இந்தியா 3 பதக்கம், 40 கோடிப் பேருக்கு ஒன்று. நமக்குப் பன்னிரண்டரை லட்சம் பேருக்கு ஒன்று. அமெரிக்காவை இரண்டு மடங்கு, சீனாவைப் பத்து மடங்கு, இந்தியாவை முந்நூறு மடங்கு முந்திவிட்டோம். எல்லாம் புரூனோ ஜூலி என்கிற ஒரே ஆள் 54 கிலோ குத்துச்சண்டையில் வாங்கிய ஒரு வெண்கலத்தால்.

இப்போது 2012க்கு வா. நமக்குப் பூஜ்யம். 2016, டோக்கியோ, பாரிஸ் மூன்றிலும் பூஜ்யம். பூஜ்யத்தை 12 லட்சத்தால் வகுத்தாலும் பூஜ்யம், 12 கோடியால் வகுத்தாலும் பூஜ்யம். நான்கு வருடத்தில் உலகத்தின் முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போகிற நாட்டைப் பற்றி அந்தப் பட்டியல் என்ன சொல்கிறது என்று யோசித்துப் பார்.

13 ஆகஸ்ட், காலை

பூஜ்யம் பற்றி இன்னொன்று. ஒலிம்பிக்கில் இதுவரை ஒரு பதக்கமும் வாங்காத நாடுகளில் மக்கள்தொகையில் பெரியது பங்களாதேஷ், சுமார் 17 கோடிப் பேர். நம் பக்கத்து செஷல்ஸும் வாங்கியதில்லை, அங்கே ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். தலைக்கணக்குப் பட்டியலில் இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. 17 கோடிப் பேரிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்பது பெரிய விஷயம். ஒரு லட்சத்திலிருந்து வரவில்லை என்பதில் ஆச்சரியமே இல்லை. வகுத்தல் கணக்கு இந்த வித்தியாசத்தைத்தான் விழுங்கிவிடுகிறது.

13 ஆகஸ்ட், மாலை

போர்ட் லூயியில் வங்கியில் வேலை செய்கிற ஒரு நண்பர் கேட்கிறார்: "அப்படியானால் இந்தியாவுக்கு நம்மைப்போல ஆயிரம் மடங்கு பதக்கம் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதே தப்பா?"

தப்புதான். போட்டிக்கு ஆள் அனுப்புவதிலேயே உச்சவரம்பு இருக்கிறது. தடகளத்தில் ஒரு போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து மூன்று பேர், தொடர் ஓட்டத்துக்கும் ஹாக்கிக்கும் ஒரே ஒரு அணி. கல்யாணப் பந்தியில் வீட்டுக்கு மூன்று இலை என்று வைத்துவிட்டால், ஆயிரம் பேர் உள்ள வீடும் நாலு பேர் உள்ள வீடும் அதே மூன்று இலையில்தான் உட்காரவேண்டும். அப்புறம் "தலைக்கு எவ்வளவு சாப்பிட்டார்கள்" என்று கணக்குப் போட்டால் பெரிய வீடு பட்டினி கிடந்ததாகத்தான் வரும்.

2008இல் மேசைப்பந்து ஒற்றையரில் ஆண், பெண் இரண்டு பிரிவிலும் முதல் மூன்று இடத்தையும் சீனா எடுத்தது. அதற்கடுத்த ஒலிம்பிக்கிலிருந்து ஒரு நாட்டுக்கு இரண்டு பேர்தான் என்று விதியையே மாற்றினார்கள். பிறகு சீனா எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த மூன்றாவது பதக்கம் வேறு நாட்டுக்குப் போகும்.

மறுபக்கமும் உண்டு. நீச்சலில் ஒரே ஆள் ஒரே வாரத்தில் எட்டுத் தங்கம் அள்ளலாம். மைக்கேல் ஃபெல்ப்ஸ் வாழ்நாளில் எடுத்த தங்கம் 23. இந்தியா தன் ஒலிம்பிக் வரலாறு முழுவதிலும் எடுத்த தங்கம் 10, அதில் 8 ஹாக்கி. ஹாக்கியில் ஒரு பதக்கத்துக்கு ஒரு அணியே வியர்வை சிந்தவேண்டும். பட்டியலில் அது "1" என்றே பதிவாகிறது.

14 ஆகஸ்ட்

குட்டி நாடுகள் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். டோக்கியோவில் தலைக்கணக்கில் முதலிடம் சான் மரினோ. சுமார் 34 ஆயிரம் பேர், 5 வீரர்கள் போனார்கள், 3 பதக்கத்தோடு திரும்பினார்கள். 11 ஆயிரம் பேருக்கு ஒன்று! பாரிஸில் அவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்த மூன்றில் மல்யுத்த வெண்கலம் வாங்கிய மைல்ஸ் அமீன் பிறந்து வளர்ந்தது அமெரிக்காவின் மிச்சிகனில்.

பாரிஸில் முதலிடம் கிரெனடா, சுமார் 60 ஆயிரம் பேருக்கு ஒன்று. அடுத்து டொமினிக்கா, அங்கே 70 ஆயிரம் பேர்தான், பெண்கள் மும்முறைத் தாண்டலில் தியா லஃபோண்ட் தங்கம். மூன்றாவது செயின்ட் லூசியா. ஜூலியன் ஆல்ஃபிரட் 100 மீட்டரை 10.72 நொடியில் ஓடி நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாக வாங்கினார், பிறகு 200 மீட்டரில் வெள்ளியும். நம்மைப் போன்ற தீவுக்காரர்களுக்கு அந்த ஓட்டத்தைப் பார்க்கும்போது வயிற்றில் என்னவோ செய்தது. அவர் பதின்ம வயதிலேயே ஜமைக்காவுக்குப் போய்ப் படித்து, அங்கிருந்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்.

குளிர்கால ஒலிம்பிக்கையும் சேர்த்தால் லீக்டன்ஸ்டைன் கதைதான் எனக்குப் பிடித்தது. சுமார் 39 ஆயிரம் பேர், மொத்தம் 10 பதக்கம், எல்லாம் பனிச்சறுக்கு. ஹன்னி வென்செல் நான்கு, அவர் தம்பி ஆண்ட்ரியாஸ் இரண்டு, ஹன்னியின் மகள் டீனா வைராதர் ஒன்று. ஃப்ரோமெல்ட் சகோதரர்கள் வில்லியும் பாலும் ஆளுக்கு ஒன்று. ஆக 10இல் 9 இரண்டே குடும்பத்திலிருந்து. அங்கே மக்கள்தொகையால் வகுப்பதைவிட வீட்டு எண்ணிக்கையால் வகுப்பது பொருத்தம்.

14 ஆகஸ்ட், பின்னிரவு

கிரெனடாவை சான் மரினோவோடு ஒரே மூட்டையில் கட்டிவிட முடியாது. 2012 லண்டனில் கிரானி ஜேம்ஸ் 400 மீட்டர் தங்கம், 2016இல் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம். இந்த முறை அவருக்குப் பதக்கம் இல்லை. ஆனால் ஈட்டி எறிதலில் ஆண்டர்சன் பீட்டர்ஸ், டெகத்லானில் லிண்டன் விக்டர் இருவரும் வெண்கலம். நான்கு ஒலிம்பிக்கில் தொடர்ச்சியாகப் பதக்கம், மூன்று வெவ்வேறு போட்டியில். அதிர்ஷ்டம் ஒருமுறை கதவைத் தட்டும், நான்கு முறை வரிசையாக வராது.

16 ஆகஸ்ட்

வங்கி நண்பர் விடவில்லை. "சரி, தலையை விடு. பணத்தால் வகுத்துப் பார்" என்கிறார். வங்கிக்காரர் வேறு எதால் வகுப்பார்!

ஆண்ட்ரூ பெர்னார்ட், மேகன் பஸ்ஸி என்று இரண்டு பொருளியலாளர்கள் 2004இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மக்கள்தொகையும் ஆள்வீத வருமானமும் பதக்கப் பங்கை ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் கண்டது. இரண்டையும் பெருக்கினால் வருவது நாட்டின் மொத்த உற்பத்தி. ஆகவே மொத்த உற்பத்தி தெரிந்தால் பதக்கத்தை ஓரளவு ஊகிக்கலாம். போட்டியை நடத்துகிற நாட்டுக்குக் கொஞ்சம் கூடுதல், பழைய சோவியத் பக்கத்து நாடுகளுக்கும் கூடுதல். இவை எல்லாவற்றையும்விட, போன முறை எத்தனை வாங்கினாய் என்பது இந்த முறை எத்தனை வாங்குவாய் என்பதை நன்றாகச் சொல்லிவிடும். பணம் இரட்டிப்பானால் பதக்கம் இரட்டிப்பாகாது என்பதும் அதில் உண்டு.

விதிவிலக்குகள்தான் சுவாரசியம். பாரிஸில் கென்யா 11 பதக்கம், அத்தனையும் தடகளம். உஸ்பெகிஸ்தான் 13 பதக்கம், 8 தங்கம், அதில் 5 குத்துச்சண்டை. எண்ணெய்ப் பணத்தில் மிதக்கிற சவூதி அரேபியாவுக்குப் பூஜ்யம். ஜமைக்கா ஆள்வீத வருமானத்தில் நம்மைவிடத் தெளிவாகக் கீழே, ஆனால் 28 லட்சம் பேருக்கு 6 பதக்கம். கிரெனடாவின் ஆள்வீத வருமானம் ஏறக்குறைய நம்முடையதுதான். "நமக்கு வசதி போதாது" என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு நாடுகளையும் நான் காட்டுவதுண்டு. அவர்கள் உடனே "அவர்கள் உடம்புவாகு வேறு" என்று பேச்சை மாற்றுவார்கள். அந்தப் பேச்சுக்குள் நான் போவதாக இல்லை.

17 ஆகஸ்ட்

ரீயூனியனிலிருந்து, செயின்ட் டெனிஸ்காரர் ஒருவர்: "எங்கள் தீவில் ஒன்பது லட்சம் பேருக்குக் கொஞ்சம் குறைவு. எங்களுக்கு எத்தனை பதக்கம்?"

ஐயா, உங்களுக்குப் பட்டியலில் வரிசையே கிடையாது, பிரான்ஸோடு கரைந்துவிட்டீர்கள். ஆனால் கைப்பந்தில், அதாவது ஹேண்ட்பாலில், உங்கள் தீவை விட்டால் பிரெஞ்சு அணிக்குக் கதையே இல்லை. செயின்ட் பியேரில் பிறந்த ஜாக்சன் ரிச்சர்ட்சன் 1992இல் வெண்கலம் வாங்கிய அணியில் இருந்தவர். செயின்ட் டெனிஸில் பிறந்த டேனியல் நார்சிஸ் 2008இலும் 2012இலும் தங்க அணியில் இருந்தவர். நாங்கள் 12 லட்சம் பேர் சேர்ந்து ஒரு வெண்கலத்தை வைத்துக்கொண்டு குதித்த அதே பெய்ஜிங்கில், கடலுக்கு அந்தப் பக்கம் உங்கள் வீட்டுக்கு ஒரு தங்கமே வந்தது. கணக்கில் அது பாரிஸ்காரர்களின் பெயரில் இருக்கிறது.

இந்தியப் பெருங்கடல் தீவுகள் விளையாட்டில் மட்டும்தான் நீங்கள் தனியாக நிற்கிறீர்கள். 1979இல் முதல் போட்டியே உங்கள் தீவில்தான். அங்கேயும் நாடு எது, தீவு எது என்கிற சண்டை தீர்ந்தபாடில்லை. 2015இல், பிரான்ஸ் கையில் இருக்கிற, ஆனால் கொமோரோஸ் தன்னுடையது என்று உரிமை கோருகிற மயோட் தீவின் வீரர்கள் பிரெஞ்சுக் கொடியோடு வந்ததற்காக கொமோரோஸ் போட்டியை விட்டே வெளியேறியது. வகுக்கும் எண்ணைப் பற்றி நாம் இங்கே இவ்வளவு பேசுகிறோம். எதை ஒரு நாடு என்று எண்ணுவது என்பதே முதலில் யாரோ முடிவு செய்த விஷயம்.

17 ஆகஸ்ட், சற்றுப் பிறகு

கியூர்பிப் தம்பி: "அண்ணே, எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டே போனால் 2008க்கு மதிப்பே இல்லையா?"

மதிப்பா! அந்த அரையிறுதியை நான் ரோஸ்ஹில்லில் ஒரு டோல் பூரிக் கடையில் நின்றுகொண்டு பார்த்தேன். கடைக்காரர் கையில் மாவு ஒட்டியிருந்தது, கல்லில் ஒரு பூரி கருகிக்கொண்டிருந்தது, வரிசையில் நின்ற யாரும் அதைக் கேட்கவில்லை. எதிரில் கியூபாவின் யாங்கியெல் லியோன். நம் ஆள் தோற்றார். கடைக்குள் ஒரு நிமிடம் சத்தமில்லை. அப்புறம் யாரோ ஒருவர், "அட, வெண்கலம் உறுதி ஐயா, குத்துச்சண்டையில் தோற்ற இருவருக்கும் வெண்கலம்" என்று விளக்கினார். கைதட்டல் அதன்பிறகுதான்.

அந்த விளக்கத்தில்தான் என் மொத்த வாதமும் இருக்கிறது. குத்துச்சண்டையில் மூன்றாம் இடத்துக்குத் தனிப் போட்டி இல்லை, அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம். அந்த எடைப்பிரிவில் மற்றொரு வெண்கலம் மால்டோவாவின் வியாசெஸ்லாவ் கோஜனுக்கு. விதி வேறு மாதிரி இருந்து, இருவரும் மூன்றாம் இடத்துக்கு மோதியிருந்தால்? ஜூலி ஜெயித்திருக்கலாம், தோற்றிருக்கலாம். அவர் அதே வீரர்தான், அதே பயிற்சிதான். ஆனால் நாம் பட்டியலில் சீனாவுக்கு மேலே நிற்போமா, பங்களாதேஷோடு கடைசியில் நிற்போமா என்பது அந்த ஒன்பது நிமிடத்துக்கும் குறைவான சண்டையில் தீர்மானமாகியிருக்கும்.

2004 ஏதென்ஸில் ஸ்டெஃபான் பக்லாண்ட் 200 மீட்டர் இறுதியில் ஓடி ஆறாவதாக வந்தார். உலகத்தில் ஆறாவது! என்னைக் கேட்டால் அது அந்த வெண்கலத்துக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. பதக்கத்தை எண்ணுகிற எந்தப் பட்டியலிலும் அது பூஜ்யம்.

19 ஆகஸ்ட்

டர்பனிலிருந்து எழுதுகிற பெரியவர் ஒருவர் இதை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அவர் சொன்னதை அப்படியே சுருக்கித் தருகிறேன். தென்னாப்பிரிக்காவுக்கு பாரிஸில் 6 பதக்கம், 6.2 கோடிப் பேர், ஆகவே ஒரு கோடிக்கு ஒன்று. "ஆனால் தம்பி, அந்த 6.2 கோடியில் நீச்சல்குளத்தை உள்ளே இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? தாட்யானா ஸ்மித் வாங்கிய தங்கத்தையும் வெள்ளியையும் எல்லார் தலையிலும் பங்கு போட்டு என்ன பயன்? சாட்ஸ்வொர்த்தில் நான் படித்த பள்ளியில் குளம் கிடையாது. வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் இருந்தது, வேலி வழியாகப் பார்ப்போம்."

1964இலிருந்து 1992 வரை நிறவெறிக்காகத் தென்னாப்பிரிக்காவை ஒலிம்பிக்கில் சேர்க்கவில்லை. திரும்பி வந்த பார்சிலோனாவில் கிடைத்தது இரண்டு வெள்ளி. 1996இல் ஜோசையா துக்வானே மாரத்தானில் தங்கம் வாங்கினார், ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் கறுப்பினத் தென்னாப்பிரிக்கர். அதே ஒலிம்பிக்கில் பென்னி ஹெய்ன்ஸ் நீச்சலில் இரண்டு தங்கம். பட்டியலில் எல்லாம் ஒரே நாடு. ஓடுவதற்குத் தெரு போதும், நீந்துவதற்குக் குளம் வேண்டும் என்பதை அந்தப் பட்டியல் காட்டாது.

பெரியவர் சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். வகுக்கவேண்டிய எண் மக்கள்தொகையே கிடையாது என்று இப்போது தோன்றுகிறது. அந்த விளையாட்டு கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை என்ன? அதால் வகுத்தால்தான் ஒரு நாடு திறமையை எப்படி நடத்துகிறது என்று தெரியும். அந்த எண்ணை எந்தப் புள்ளிவிவர அலுவலகமும் வைத்திருப்பதில்லை.

21 ஆகஸ்ட்

ஜமைக்காவுக்கு வருகிறேன். அங்கே உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையே ஒரு தடகளப் போட்டி உண்டு. 'சாம்ப்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள், 1910இலிருந்து நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க தலைநகரின் தேசிய மைதானம் நிரம்பி வழியும். அதாவது அங்கே கிட்டத்தட்ட ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையாவது கடிகாரத்துக்கு எதிரே ஓடிப் பார்க்கப்படுகிறது. 28 லட்சத்தில் வேகமான பிள்ளை யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

நம் ஊரில்? நான் கணக்கு வாத்தியார், விளையாட்டு விழாவன்று என்னையும் மைதானத்தில் நிறுத்துவார்கள். புல்லில் சுண்ணாம்புக் கோடு, மழை பெய்தால் பாதிக் கோடு போய்விடும். ஒரு ஸ்டாப்வாட்ச், அதுவும் முதலில் வருபவருக்கு மட்டும். ஒருமுறை ஒரு பெண், என் வகுப்புப் பிள்ளை, வெறும் காலோடு 100 மீட்டர் ஓடினாள். இரண்டாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு பேருந்தை நிறுத்தலாம். விளையாட்டு ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மறுபடி பார்த்தார். பயிற்சிக்கு ரெதுய் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அவள் அம்மா என்னிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்று: "சார், அந்த நேரத்துக்கு டியூஷன் இருக்கே?"

டியூஷன் இருந்தது. அன்றைக்கு அவளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

கொஞ்ச நாள் போனாள். குளிர்காலத்தில் ஐந்தரை ஆறுக்கெல்லாம் இருட்டிவிடும், பேருந்து மாற்றிப் போகவேண்டும், வீடு திரும்பும்போது எட்டு மணி. பரீட்சை நெருங்கியதும் நிறுத்திவிட்டாள். இப்போது எபேனில் ஒரு கால் சென்டரில் வேலை செய்கிறாள், நல்ல சம்பளம், யாரும் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை. ஒலிம்பிக்குக்குப் போயிருப்பாள் என்றும் நான் சொல்லமாட்டேன், கையால் அழுத்திய ஸ்டாப்வாட்ச் நேரத்தை நம்பி அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் 12 லட்சம் என்று வகுக்கும்போது அவளும் அந்த 12 லட்சத்தில் ஒருத்தியாக எண்ணப்படுகிறாள். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

22 ஆகஸ்ட்

"டியூஷன் எடுக்கிற வாத்தியாரே டியூஷனைக் குறை சொல்கிறார்" என்று வாக்வாவிலிருந்து ஒருவர் சிரிக்கிறார். சிரியுங்கள். மாதக் கடைசியில் வாத்தியார் சம்பளச் சீட்டைப் பார்த்தால் நீங்களும் அழுவீர்கள்.

24 ஆகஸ்ட்

ஒரே ஒலிம்பிக்கை வைத்து வகுத்தால் சான் மரினோ மாதிரி ஆடும் என்பதால், நீண்ட காலத்துக்குப் போட்டுப் பார்த்தேன். நாம் முதலில் போனது 1984 லாஸ் ஏஞ்சல்ஸ். பாரிஸோடு சேர்த்து 11 ஒலிம்பிக். அன்றைக்குச் சுமார் 10 லட்சம் பேர், இன்றைக்கு 12.6 லட்சம். ஒவ்வொரு ஒலிம்பிக்கின்போதும் இருந்த மக்கள்தொகையைக் கூட்டினால் சுமார் 1.3 கோடி வருகிறது. அதற்கு ஒரு பதக்கம்.

1.3 கோடிக்கு ஒன்று! 2008இல் சீனா வாங்கியதும் அதே விகிதம்தான். பத்து மடங்கு முந்தினோம் என்று தொடங்கினோம், பொறுமையாகக் கூட்டிப் பார்த்தால் அவர்கள் பக்கத்தில்தான் நிற்கிறோம்.

இந்தியாவுக்கும் அதே 11 ஒலிம்பிக்கைப் போட்டேன். 1984, 88, 92 மூன்றிலும் ஒன்றுமில்லை. 1996இல் லியாண்டர் பயஸ், 2000இல் கர்ணம் மல்லேஸ்வரி, 2004இல் ரத்தோர் என்று ஒவ்வொன்று. அப்புறம் 3, 6, 2, 7, 6. மொத்தம் 27. மக்கள்தொகையைக் கூட்டி வகுத்தால் சுமார் 45 கோடிக்கு ஒன்று. ஆக நாம் இந்தியாவைவிட 35 மடங்கு மேல். முந்நூறு மடங்கு என்று 2008 சொன்னது இப்போது 35 ஆகிவிட்டது. கோழிக்கோட்டிலோ கோயம்புத்தூரிலோ உள்ள சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொள்ள அது போதும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த 35இலும் முழு நம்பிக்கை இல்லை. நம் பக்கத்தில் எண்ணிக்கை ஒன்று, அந்த ஒன்று இல்லாமலும் போயிருக்கலாம். இந்தியாவின் 27 அப்படி ஒரே சண்டையில் ஆடிப்போகாது.

நிலையான எண் வேண்டுமென்றால் நியூசிலாந்தைப் பாருங்கள். டோக்கியோவில் 20, பாரிஸிலும் 20, அதில் 10 தங்கம். சுமார் 52 லட்சம் பேர், 2.6 லட்சம் பேருக்கு ஒன்று. படகு, கயாக் என்று சில விளையாட்டுகளைப் பிடித்துக்கொண்டு விடாமல் செய்கிறார்கள். அந்த விகிதம் நமக்கு வந்தால் ஒரு ஒலிம்பிக்குக்கு 5 பதக்கம். நம்மைச் சுற்றிக் கடல்தான் இருக்கிறது, படகுக்குத் தண்ணீர் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது. நீச்சல் தெரியாத தீவுப் பிள்ளைகளை என் வகுப்பிலேயே காட்டுகிறேன்.

25 ஆகஸ்ட்

டர்பன் பெரியவரின் பேரன்போல, படித்த பிள்ளை என்று தெரிகிறது, ஒரு சின்னக் கேள்வி: "பாகிஸ்தான் ஏன் இந்தியாவுக்கு மேலே?"

தங்கத்தை முதலில் எண்ணுவதால். அர்ஷத் நதீம் ஈட்டியை 92.97 மீட்டர் எறிந்து தங்கம், பாகிஸ்தானுக்கு அது ஒன்றுதான். நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர், வெள்ளி. இந்தியாவுக்கு அதோடு 5 வெண்கலம். ஒரு தங்கம் ஆறு பதக்கத்தை மிஞ்சிவிடுகிறது. அமெரிக்கப் பத்திரிகைகள் மொத்த எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்துவார்கள், அப்படிப் பார்த்தால் இந்தியா மேலே. பாரிஸில் அமெரிக்காவும் சீனாவும் தங்கத்தில் 40க்கு 40 என்று சமம், ஆனால் மொத்தத்தில் 126க்கு 91. எந்த எண்ணை முதலில் போடுவது என்பது அவரவர் வசதி.

9 செப்டம்பர்

இழை அமைதியாகிவிட்டது என்று நினைத்தேன், பாராலிம்பிக் வந்துவிட்டது. யோவானி ஃபிலிப் 400 மீட்டரில் வெண்கலம்! மொரிஷியஸின் முதல் பாராலிம்பிக் பதக்கம். காலையிலிருந்து வாட்ஸப்பில் அதே படம்தான் சுற்றுகிறது.

கியூர்பிப் தம்பி அதற்குள் வகுத்துவிட்டார். 12.6 லட்சத்துக்கு ஒன்று, சீனாவோடு ஒப்பிட்டு ஒரு பட்டியலும் அனுப்பியிருக்கிறார். பாராலிம்பிக்கில் சீனா 220 பதக்கம் வாங்குகிற நாடு, ஆகவே இந்த முறை விகிதம் பத்து மடங்கெல்லாம் வராது, இருந்தாலும் மேலேதான் இருக்கிறோம். தம்பி, அனுபவி. ஆனால் நான்கு வருடம் கழித்து அதே பட்டியலை என்னிடம் கொண்டு வா.

குத்துச்சண்டை பற்றிக் கேட்டவர்களுக்கு: 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் குத்துச்சண்டை இருக்குமா என்பதே இந்த 2024 செப்டம்பர் வரை முடிவாகவில்லை. சர்வதேசச் சங்கத்தின் அங்கீகாரத்தை ஒலிம்பிக் குழு 2023இல் எடுத்துவிட்டது, பாரிஸில் ஒலிம்பிக் குழுவே நேரடியாகப் போட்டியை நடத்தியது. புதிய அமைப்பு ஒன்றுக்கு அங்கீகாரம் கிடைக்காவிட்டால் நமக்குப் பதக்கம் தந்த ஒரே ஒலிம்பிக் விளையாட்டு கதவைச் சாத்திவிடும். (பின்னால் சேர்த்தது: 2025 மார்ச்சில் குத்துச்சண்டையை 2028 போட்டியில் சேர்க்க ஒலிம்பிக் குழு முடிவு செய்துவிட்டது.)

11 செப்டம்பர்

டர்பன் பெரியவர் கேட்ட அந்த எண், கைக்கெட்டும் தூரத்தில் விளையாட்டு இருக்கிற பிள்ளைகள் எத்தனை என்பது, அதை ஒரு தீவுக்காவது போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் பள்ளியில் நேரம் குறிக்கக் கடிகாரம் இருக்கிறதா, எத்தனை பிள்ளைகளின் நேரத்தை எழுதி வைக்கிறார்கள், நீச்சல்குளம் பேருந்தில் எவ்வளவு தூரம், பயிற்சி முடிந்து வீடு திரும்பப் பேருந்து உண்டா. ரீயூனியன்காரர்களும் அனுப்புங்கள், ஒப்பிட வசதி. வாத்தியார்கள் யாராவது இருந்தால் மாலை நாலிலிருந்து ஆறரை வரை தொலைபேசியில் அழைக்கவேண்டாம், ஏன் என்று உங்களுக்கே தெரியும்.